மீன் வாங்கப் போனவ தலை முழுவுன கதை

மெழுகுவத்தி ரெண்டு வாங்கு, போயி ஏத்திட்டு வான்னு சொன்னா, ஏத்திட்டு வர வேண்டியதுதானே? ஏன் ரெண்டு, யாருக்கு ரெண்டு, அந்தக் கல்லறையில படுத்திருக்கற ஆளு நமக்கு என்னா ஒறவு... ஏன்டியம்மா மருமவளே, ஒன்ன எம் புள்ளைக்குக் கட்டி வெச்சனா, இல்ல போலீசு வேலைக்கு எடுத்தனா? எங்க மாமியா என்ன ஒரு எடத்துக்குப் போன்னா போவேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேக்கல, அவ்ளோதான். பின்னாடியே போயி ஒளிஞ்சு பாத்தேன். அது வேற.

வருசா வருசம் நானேதான் போயிட்டிருந்தேன். இந்த வருசம் முட்டி மடங்க மாட்டங்குது. அந்தக் கல்லறைக்கு முட்டி வலியோட போவ முடியாம நான் ஒக்காந்திருக்கறேன் பாரு, அது ஏன் சிரிப்புன்னு கடைசில ஒனக்கே தெரியும். நம்ம தெருப் பொம்பளைங்க ஏழெட்டு பேரு ஒங்கூட வருவாங்க. அவங்ககிட்ட வாயத் தொறக்காத. அவங்க வர்ற காரணம் வேற, நீ போற காரணம் வேற.

சரி, கீரைய ஆஞ்சுக்கிட்டே கேளு. கதவச் சாத்தாத. பட்டப்பகல்ல கதவு சாத்துனா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும். ஒன் மாமனாரு போயி சேந்துட்டாரு, எங்க மாமியாளும் பூட்டாங்க, எம் பொண்ணு மூணு புள்ள பெத்து ரெட்டியார்பாளையத்துல குண்டா ஒக்காந்திருக்கறா. இனிமே சொல்லலாம். ஆனா ஒண்ணு, இது ஒங்க அம்மா காதுக்குப் போச்சின்னா நான் சொல்லவே இல்லன்னு சாதிச்சிடுவேன். பொய் சொல்றதுல எனக்கு நல்ல கை.

எங்க மாமியாளுக்குப் பேச்சு கம்மி. சின்ன வயசுல மில்லுல நூல் சுத்துற வேலைக்குப் போனவங்க. அந்த மிசினு சத்தத்துல பேசி என்னா ஆவப்போவுதுன்னு பேசறதையே வுட்டுட்டாங்களாம். காது மட்டும் அப்படிக் கேக்கும். நான் அடுப்படியில முணுமுணுத்தா கொல்லையிலேருந்து பதில் வரும். புருசன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா சைகோனுக்குப் போயி, நாலு வருசம் கழிச்சுத் திரும்பி வந்தவரு. அவரு வந்து ரெண்டு வருசத்துல ஒன் மாமனாரு பொறந்தாரு. ஒரே புள்ள. மவன் சாப்பிடற வரைக்கும் எதுத்தாப்பல ஒக்காந்து வாயையே பாத்துக்கிட்டிருப்பாங்க. நாப்பது வயசு ஆளு, எம் புருசன். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அவங்ககிட்ட ஒரு பழக்கம். ஐப்பசி மாசம், வேதக்காரங்களுக்குக் கல்லறைத் திருநாள் வருமில்ல, எல்லாரும் கல்லறைக்கு சுண்ணாம்பு அடிச்சு மெழுகுவத்தி ஏத்துவாங்களே, அன்னிக்கிப் பாத்து கூடைய எடுத்துக்குவாங்க. "தேங்காய்த்திட்டுக்குப் போயி மீன் வாங்கியாறேன்"னு கெளம்பிடுவாங்க. சாயங்காலம் வெறுங்கூடையோட வருவாங்க. "மீன் இல்ல." அவ்ளோதான்.

மொத ரெண்டு மூணு வருசம் நம்பினேன். ஐப்பசி மழை, கடலு கொந்தளிப்பு, போட்டு எறங்கியிருக்காதுன்னு. அப்புறம் யோசிச்சேன். போட்டு எறங்காத நாளா பாத்து வருசா வருசம் மீன் வாங்கப் போறவங்க ஒலகத்துல இவங்க ஒருத்தருதான்.

இன்னொண்ணு. வந்ததும் வாசல் வழியா உள்ள வர மாட்டாங்க. பக்கத்துச் சந்து வழியா சுத்திக் கொல்லைக்குப் போயி, கட்டின பொடவையோட மூணு செம்பு தண்ணி தலையில ஊத்திக்கிட்டுத்தான் வூட்டுக்குள்ள காலு வெப்பாங்க. நாம எப்ப தலை முழுவிட்டு உள்ள வருவோம்? எழவு வூட்டுக்கு, சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்தா. மீனுக்குத் தீட்டு பாக்கறவங்கள எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?

ஒரு வருசம் கேட்டே புட்டேன்.

"ஏன் அத்தே, மழையில நனைஞ்சுட்டு வந்து மறுபடியும் தண்ணி ஊத்திக்கிறீங்க?"

"மீன் நாத்தம்."

"மீனுதான் கெடைக்கலியே?"

"நாத்தம் கெடைச்சுது."

இப்படி ஒரு பதில் வந்தா அடுத்த கேள்வி எங்கேருந்து வரும்? ஆனா அன்னிக்கிப் பொடவைய அலசப் போட்டப்ப முந்தானையில வெள்ளையா ஒரு சொட்டு பாத்தேன். நகத்தால சொரண்டினேன். மெழுகு.

அதுலேருந்து ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு காத்திருந்தேன். அந்த வருசம்தான் எம் பொண்ணுக்கு சம்மந்தம் பேசினது. எதுத்த வூட்டுக்காரி இருந்தாளே, அவளோட அண்ணன் மவனுக்கு. பையன் ஒழவர்கரையில லேத்து பட்டறையில வேலை. தங்கமான பையன், அவன் அத்தைக்கு நேர் எதிரு. எதுத்த வூட்டுக்காரிக்கு எந்நேரமும் கால நீட்டிக்கிட்டு வாசப்படியில ஒக்காந்து முட்டிக்கு எண்ண தேய்க்கற வேலை. கை முட்டியில இருக்கும், கண்ணு தெருவுல இருக்கும். ஒரு பூன குட்டி போட்டாக்கூட எந்தப் பூனைக்குன்னு கேக்கறவ. இதுல அவ அப்பா மில்லுல மேஸ்திரியா இருந்தவராம், ஒரு நாளைக்கு ஒம்போது தரம் சொல்லுவா. உள்ள பெரிசா மாலை போட்டு போட்டோ மாட்டியிருப்பா. "எங்கப்பா சாவுக்கு மில்லையே நிறுத்திட்டு வந்தாங்க, தெரு முச்சூடும் பின்னாடி போச்சு"ம்பா. நானும் ஆமாம்மா ஆமான்னு தலைய ஆட்டுவேன். பொண்ணக் குடுக்கணுமே.

தீவாளி கழிச்சுப் பரிசம் போடறதுன்னு பேச்சு. எங்க மாமியாகிட்ட சொன்னப்ப, "மேஸ்திரி வூட்டுலயா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் எழுந்து கொல்லைக்குப் பூட்டாங்க. அப்ப நான் அதப் பெரிசா எடுத்துக்கல.

கல்லறைத் திருநாள் வந்துச்சு. கூடை கெளம்புச்சு. நான் பொண்ணுகிட்ட சோத்தப் பாத்துக்கோன்னு சொல்லிட்டு, கோணிய மடிச்சுத் தலையில கவுத்துக்கிட்டுப் பின்னாடியே போனேன். மழைக்குக் கோணி போட்டா எல்லாப் பொம்பளையும் ஒரே மாதிரிதான். தேங்காய்த்திட்டுக்குத் திரும்புற ரோடு வந்துச்சு. மாமியா திரும்பல. நேரா கல்லறை வாசல்ல போயி நின்னாங்க. பூக்காரிகிட்ட ஒரு மெழுகுவத்தியும் கொஞ்சம் சாமந்தியும் வாங்கினாங்க. சொன்ன வெலையக் குடுத்துட்டு உள்ள போனாங்க. ஒரு கட்டு கீரைக்கு அரை நாளு பேரம் பேசறவங்க! நானும் கோணிய மூக்கு வரைக்கும் இழுத்துவுட்டுக்கிட்டு உள்ள நொழைஞ்சேன்.

உள்ள நல்ல கூட்டம். ஈரத்துல சுண்ணாம்பு வாடை. குடைக்கடியில குடும்பம் குடும்பமா ஒக்காந்து ஜெபம் பண்றாங்க. எங்க மாமியா யாரையும் பாக்காம, கொழாயடியத் தாண்டி, வேப்ப மரத்துக்குக் கிட்ட ஒரு பெரிய கறுப்புக் கல்லு வெச்ச கல்லறை, அதோட கால்மாட்டுல போயி குந்தினாங்க. வெரலால மண்ண நோண்டி மெழுகுவத்திய நட்டு, மழை படாம முந்தானையப் புடிச்சிக்கிட்டு... பேசினாங்கடி. வூட்டுல வாயே தொறக்காத கெழவி, அங்க பேசிக்கிட்டே இருந்துச்சு. என்னா பேசினாங்கன்னு கேக்கல. மழைச் சத்தம்.

அவங்க போன பொறவு கிட்டப் போயிப் பாத்தேன். கல்லுல பீங்கான்ல பதிச்ச போட்டோ. ஒரு ஆம்பள. கழுத்துல டை, முறுக்கின மீசை, ஒரு மாதிரி சிரிப்பு. எழுத்து எனக்கு எந்த ஊரு எழுத்தா இருந்தாலும் ஒண்ணுதான், அதனால வாசலுக்கு வந்து பூக்காரியக் கேட்டேன்.

"யாரும்மா அந்த வேப்ப மரத்துக்கிட்ட?"

"அவரா? பிரெஞ்சுக்காரங்க காலத்துல பெரிய உத்யோகத்துல இருந்த முசியே. செத்து இருவது வருசம் ஆவுது. அவரு சம்சாரம் மதாம் இன்னும் இருக்கறாங்க, பீச்சுப் பக்கம் வூடு. ஏன், இப்ப போனாங்களே, அவங்க பின்னாடியே வந்தீங்களே, அவங்க ஒங்களுக்கு யாரு?"

"மாமியா."

"அட. அவங்களுக்கும் முசியேவுக்கும் என்னா ஒறவுன்னு மதாமே கேட்டுக்கிட்டிருக்காங்களே. எந்தத் தெரு நீங்க?"

நான் ஒரு கூமுட்ட, தெருவச் சொல்லிட்டேன். ஒளிஞ்சு போயி துப்பு துலக்கினவ, கடைசில என் வூட்டுக்கு நானே வழி காட்டிட்டு வந்தேன்.

அப்புறம் நாலு நாளும் எனக்குத் தூக்கமில்ல. ஒன் மாமனாரு சோறு திங்க ஒக்காந்தா, எங்க மாமியா ஒரு பக்கம் அவரு வாயப் பாக்கறாங்க, நான் இன்னொரு பக்கம் மூக்கப் பாக்கறேன். முசியே மூக்கு கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சா? இவரு மூக்கும் நுனியில வளையுதா? சைகோனுக்குப் போன மனுசன் நாலு வருசம் இல்ல. இவரு பொறந்தது அவரு வந்த பொறவுன்னுதானே சொன்னாங்க? யாரு சொன்னது? அவங்களேதானே சொன்னது?

"ஏன்டி என் மூக்கையே பாக்கற, சளி ஒழுவுதா?"

"இல்ல, மூக்கு நல்லா இருக்குது, யாரு குடுத்ததுன்னு பாக்கறேன்."

"எங்கம்மா குடுத்தது. வேணும்னா நீயும் கேட்டு வாங்கிக்கோ."

மாமியா ஒரு தரம் நிமிந்து என்னப் பாத்தாங்க. மறுபடியும் தட்டப் பாத்துட்டாங்க.

அஞ்சாம் நாளு மத்தியானம். ஒன் மாமனாரு மொத ஷிப்டு, மூணு மணிச் சங்கு ஊதினா பத்து நிமிசத்துல வூட்டுல இருப்பாரு. சங்குக்கு ஒரு மணி நேரம் இருக்கறப்ப, தெருவுல ரிக்‌ஷா வந்து நிக்குது. எங்க வூட்டு வாசல்ல. வெள்ளப் பொடவை, கறுப்புக் குடை, கையில தோலு பை. அறுவது வயசுக்கு மேல இருக்கும். ரிக்‌ஷாலேருந்து எறங்க முடியாம முட்டியப் புடிச்சிக்கிட்டு "ஆய்யோ மோன்தியே"ன்னு ஏதோ பிரெஞ்சுல மொனகினாங்க. எதுத்த வூட்டுக்காரி எண்ணக் கிண்ணத்தக் கீழ வெச்சா. அவ அதக் கீழ வெச்சு நான் பாத்ததே இல்ல.

"இங்கதான் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்தற அம்மா இருக்கறாங்களா?"ன்னு மதாம் நடுத்தெருவுல கேட்டாங்க.

நான் ஓடிப் போயி அவங்க கையப் புடிச்சேன். கைத்தாங்கலா உள்ள இழுத்துட்டு வந்து கதவச் சாத்தினேன். சாத்தின பொறவுதான் தெரியுது, சாத்தினது அதவிடத் தப்பு. நம்ம தெருவுல பகல்ல கதவச் சாத்தினா ஒண்ணு பொணம் இருக்கணும், இல்ல பஞ்சாயத்து இருக்கணும். அந்த நிமிசம் எனக்குத் தெரிஞ்சது இதான். சங்கு ஊதறதுக்குள்ள இது முடியலன்னா எம் புருசன் காதுல வுழும். கதவுக்கு வெளியில போச்சின்னா எம் பொண்ணு கல்யாணம் இல்ல.

எங்க மாமியா சொவுத்தோரமா அரிசி பொடச்சிக்கிட்டிருந்தாங்க. முறத்த வுடல.

மதாம் முக்காலியில ஒக்காந்து மூச்சு வாங்கிட்டு, "சரி. நான் சுத்தி வளைச்சிப் பேச வரல. இருவது வருசமா என் முசியே கல்லறையில நான் வெக்காத ஒரு மெழுகுவத்தி எரியுது. நான் வெக்காத சாமந்தி கெடக்குது. யாருன்னு பாக்க ஒரு வருசம் காலையில போனா சாயங்காலம் வெச்சிருக்கு, சாயங்காலம் போனா காலையிலயே வெச்சிருக்கு. நீங்க என் முசியேவுக்கு யாரு?"ன்னு கேட்டாங்க.

"எந்த முசியே?"ன்னாங்க மாமியா.

மதாம் பையத் தொறந்து போட்டோவ எடுத்து நீட்டினாங்க. அதே மீசை. மாமியா கண்ண இடுக்கிப் பாத்தாங்க. "ஓ, இவரா? இவரு அங்க இருக்கற சாமியாரில்ல?"

"சாமியாரா?"

"கல்லுல படம் போட்டு வெச்சிருக்குதே. கொழந்தைங்களக் காக்கற சாமியாருன்னு நெனச்சேன்."

"டை கட்டிக்கிட்டா?"

"நான் என்னாத்தக் கண்டேன், ஒங்க சாமிங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு போட்டுக்கிட்டிருக்காங்க."

"மீசைய முறுக்கிட்டு எந்த சாமியாரு இருக்காரு?"

"எங்க சாமிக்கெல்லாம் மீசை இருக்குது."

எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். மதாம் சிரிக்கல. எங்க மாமியா மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. புருசன் மேல இருவது வருசமா சந்தேகப்பட்ட பொம்பளைக்கு, எதிரி பொய் சொல்றாளா நெசம் சொல்றாளான்னு தெரியாதா? கொஞ்சம் கொரலத் தாழ்த்தி, "அப்ப யாருக்கு ஏத்தறீங்க?"ன்னாங்க.

மாமியா என்னப் பாத்தாங்க. "கதவு சாத்தியிருக்குதா?"

"சாத்தியிருக்குது."

"தாழு?"

தாழும் போட்டேன். முறத்த ஓரமா வெச்சாங்க.

"அவரு சைகோனுக்குப் போயி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. மில்லுல ஒரு மேஸ்திரி. வேலை வேணும்னா சாயந்தரம் நின்னு கூட்டிப் பெருக்கிட்டுப் போன்னான். நின்னேன். வேற என்னா பண்றது, மாமியா, மாமனாரு, ரெண்டு நாத்தனாரு, எல்லாத்துக்கும் என் கூலிதான். வயித்துல தங்கிடுச்சு. எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி ஊருக்குப் போயி பெத்தேன். பொண்ணு. எங்கம்மாதான் துணியில சுத்தி, கன்னியாஸ்திரி மடத்து வாசல்ல வெச்சிட்டு வந்துச்சு. நான் மில்லுக்குத் திரும்பிட்டேன். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை மடத்துக்குக் கீரை விக்கறாப்பல போவேன். ஒரு சிஸ்டரம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. திட்டல. புள்ளையத் தூக்கியாந்து காட்டுவாங்க. நான் கீரைய எண்ணுவேன், அது என் வெரலப் புடிச்சிக்கும். எட்டு மாசம். அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை சிஸ்டரம்மா கீரை வேணாம்னுட்டாங்க."

தெருவுல யாரோ கொடத்த எடுத்துக்கிட்டுப் போற சத்தம்.

"அந்த அம்மாதான் கூட்டிட்டுப் போயி எடத்தக் காட்டினாங்க. கொழாயடியத் தாண்டி, வேப்ப மரத்துக்கிட்ட. வருசத்துக்கு ஒரு தரம் இந்த நாள்ல வந்து ஏத்துன்னாங்க. அப்படியே செஞ்சேன். மொதல்ல வெறும் மண்ணுதான், சின்னதா ஒரு குச்சி சிலுவை. அப்புறம் ஒரு வருசம் போனா கறுப்புக் கல்லு, படம், எல்லாம் வெச்சிருக்குது. மடத்துலதான் மனசு எறங்கி எம் பொண்ணுக்கு நல்ல கல்லா வெச்சாங்கன்னு நெனச்சேன்." மதாமப் பாத்தாங்க. "அவ்ளோ பெரிய கல்லு ஏன்னு எனக்கும் தோணுச்சு. யாரக் கேக்க முடியும்?"

அந்த மேஸ்திரி யாருன்னு நான் கேக்கல. வாயி வரைக்கும் வந்துச்சு. மாமியாளே சொன்னாங்க.

"யாருன்னு கேக்காத. செத்துட்டான். நல்ல பேரோட செத்தான். தெரு முச்சூடும் பின்னாடி போச்சு. நானும் எழவு வூட்டுக்குப் போனேன். போயிட்டு வந்து தலை முழுவினேன். அவனுக்கு ஒரு தரம், எனக்கு ஒரு தரம்."

இங்க பாரு, கீரைய வுட்டுட்டு வாயப் பொளக்காத. மில்லுல மேஸ்திரிங்க பத்து பேரு இருந்திருப்பாங்க. பத்து பேரும் செத்திருப்பாங்க. பத்து சாவுக்கும் கூட்டம் போயிருக்கும். நான் யாரையும் சொல்லல. ஆனா அன்னிலேருந்து எந்த வூட்டுல மாலை போட்ட போட்டோவப் பாத்தாலும், மொதல்ல மாலையப் பாக்க மாட்டேன். மொகத்தப் பாப்பேன்.

மதாம் போட்டோவ மறுபடியும் பையில வெச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, அவங்க எடம் வாங்கறப்ப கல்லறை காவக்காரரு சொன்னாராம், இது பழைய கொழந்தைங்க வரிசை, எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் குடும்பத்துக்குக் குடுக்கறோம்னு.

சொல்லி முடிக்கல, எங்க மாமியா எழுந்துட்டாங்க. "எடுத்துட்டாங்களா? எங்க எடுத்துட்டுப் போனாங்க?"

அந்தக் கொரல நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல. நாப்பது வருசமா அந்தக் கெழவிக்கு இருந்ததே ஒரு புடி மண்ணு. அதுவும் இல்லன்னா?

மதாம் ஒரு மூச்சு நின்னாங்க. ஒரே ஒரு மூச்சு. "எங்கயும் எடுத்துட்டுப் போவல. ஒங்க பொண்ணோடத எடுக்கல. ஆழத்துல இருந்துச்சாம், அப்படியே வுட்டுட்டாங்களாம். அது கீழ இருக்குது, அவரு மேல இருக்காரு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

நான் மதாம் கண்ணப் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்தான். பொய் சொல்றவங்களுக்குப் பொய் தெரியும். ஆனா எங்க மாமியா நம்பினாங்க. மெதுவா மறுபடியும் ஒக்காந்தாங்க.

"எங்களுக்குப் புள்ள இல்ல"ன்னாங்க மதாம். "இருவது வருசமா ஒரு பொம்பளப் புள்ளைய கூட வெச்சிக்கிட்டிருக்காரு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க." அப்பதான் லேசா சிரிச்சாங்க. கண்ணத் தொடைச்சிக்கிட்டே. "நீங்க வந்து ஏத்துங்க. ஆனா இனிமே ஒண்ணு இல்ல, ரெண்டா ஏத்துங்க. எனக்கும் முட்டி முடியல, வருசா வருசம் வருவனான்னு தெரியல. நான் வராத வருசம் அவருக்கும் ஒண்ணு எரியட்டும்."

மாமியா, "அவரு நல்லவருதானே?"ன்னாங்க, சந்தேகமா.

"மீசை அளவுக்கு மோசமில்ல"ன்னாங்க மதாம்.

மதாமத் தூக்கி நிறுத்திக்கிட்டிருக்கறப்ப நான் எங்க மாமியா காதோரமா குனிஞ்சேன். "அத்தே, நான் ஒண்ணும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பரிசத்தப் போடலாமா, வேணாமா?"

மாமியா முறத்த எடுத்தாங்க. அரிசிய ஒரு தரம் பொடச்சாங்க. ரெண்டு தரம் பொடச்சாங்க. என் உசுரு அந்த முறத்துல குதிக்குது.

"போடு"ன்னாங்க. "பையன் என்னா பண்ணுவான்? நல்ல பையன்."

அதுக்கு மேல அவங்க சாவுற வரைக்கும் அதப் பத்திப் பேசல, நானும் கேக்கல.

தாழ எடுத்துக் கதவத் தொறந்தேன். எதுத்த வூட்டுக்காரி நொண்டிக்கிட்டு எங்க வாசலுக்கே வந்துட்டா. கூட அஞ்சாறு பேரு, ஆளுக்கு ஒரு வெறுங்கொடம். தண்ணி வர்ற நேரமே இல்ல அது. மதாம் யாரையும் பாக்காம ரிக்‌ஷாவுல ஏறப் போனாங்க. ஏறறப்ப முட்டியப் புடிச்சிக்கிட்டு மறுபடியும் அந்த "மோன்தியே". தூரத்துல மில்லு சங்கு ஊதுது. பத்து நிமிசம்தான்.

"யாரு சம்மந்தி அது?"ன்னா எதுத்த வூட்டுக்காரி. "கல்லறைங்கறாங்க, மெழுகுவத்திங்கறாங்க. கதவச் சாத்திட்டு ஒரு மணி நேரமா... ஒங்க வூட்டுல பொண்ணு எடுக்கறவங்க நாங்க, தெரிஞ்சிக்கணுமில்ல?"

அவ கை தானா முட்டியத் தடவுது. நான் அந்தக் கையப் பாத்தேன். ரிக்‌ஷாவுல மதாம் கையப் பாத்தேன். சாமி சத்தியமா அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணுமே தோணல.

"கிட்ட வா சம்மந்தி"ன்னேன். கொரலத் தாழ்த்தினேன். தாழ்த்தினா எல்லாரும் கிட்ட வருவாங்க. "யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா பலிக்காதுன்னுதான் எங்க மாமியா எங்கிட்டயே இத்தினி வருசமா மறைச்சிட்டாங்க. அந்த மதாமோட வூட்டுக்காரரு பூட்டாரில்ல, அவரு கல்லறை வேப்ப மரத்துக்கிட்ட இருக்குது. மீசை வெச்ச படம். அங்க கல்லறைத் திருநாளு அன்னிக்கி மெழுகுவத்தி ஏத்தினா முட்டி வலி பறந்து போவுது. எங்க மாமியாளுக்கு இருவது வருசத்துக்கு முன்னாடி காலு மடங்காம கெடந்துச்சு. வேண்டிக்கிட்டாங்க. இப்ப பாரு, அறுவத்தஞ்சு வயசுல மழையில தேங்காய்த்திட்டு வரைக்கும் நடந்துட்டு வராங்க. ஒனக்கு அவங்களவிட எத்தினி வயசு கம்மி? அதக் கேள்விப்பட்டு மதாமே வந்துட்டாங்க, எப்படி வேண்டினீங்க, எந்தப் பூ வெச்சீங்கன்னு கேட்டுக்கிட்டு."

எதுத்த வூட்டுக்காரி ரிக்‌ஷாவப் பாத்தா. என்னப் பாத்தா. அவ லேசுப்பட்டவ இல்ல.

"அவரு பொண்டாட்டியே நொண்டறாளே?"

"கட்டினவளுக்கு எந்தப் புருசன் வைத்தியம் பண்ணியிருக்கான்? அன்னியப் பொம்பளைங்களுக்குன்னா ஒடனே கொணமாயிடுது."

கொடம் வெச்சிருந்த அத்தினி பேரும் தலைய ஆட்டினாங்க. அதுல மட்டும் யாருக்கும் சந்தேகம் வரல.

தெருக்கோடியில ஒன் மாமனாரு தூக்குச்சட்டிய ஆட்டிக்கிட்டு வராரு. எதுத்த வூட்டுக்காரி இன்னும் முட்டியப் புடிச்சிக்கிட்டே நிக்கறா. "எங்கப்பா இருந்தாருன்னா இதெல்லாம் நம்ப வுட்டிருக்க மாட்டாரு"ன்னா. "மேஸ்திரியில்ல, ரொம்ப கண்டிப்பு. சரி, வர்ற வருசம் நானும் வரேன். ஒரு மெழுகுவத்தி போதுமா?"

"ஒண்ணு எப்படிப் போதும்?"ன்னேன். "ரெண்டு ஏத்தணும். ஒனக்கு எத்தினி முட்டி இருக்குது?"